கல்யாண வீடியோ வேலையை விட்டுவிட்டு ஆவணப்படம் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. தூத்துக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்கிறேன். உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் தொடங்கியிருக்கிறேன். ஒரு தொண்டு நிறுவனம் பணம் தருவதாகச் சொல்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா? இதில் பிழைக்க முடியுமா?

பதில்: வேலையை விடாதீர்கள், படத்தையும் விடாதீர்கள். நம் நாட்டில் ஆவணப்படத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. நல்ல பெயரெடுத்த இயக்குநர்களிலும் பலர் கல்லூரியில் வகுப்பெடுக்கிறார்கள், பிறர் படங்களுக்குக் கேமரா பிடிக்கிறார்கள். முதுமலை யானைப் பராமரிப்பாளர்களைப் பற்றி எடுத்து 2023இல் ஆஸ்கர் வாங்கிய குறும்படம் ஓடுவது சுமார் 40 நிமிடம்தான். ஆனால் எடுக்கப் பிடித்தது ஏறக்குறைய ஐந்து வருடம். அத்தனை வருடம் வீட்டில் அடுப்பெரிய வேறொரு வருமானம் வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் தொழில் இதற்குத் தோதானது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியிலும் பலர் கல்யாணம் வைப்பதில்லை. ஆடியில் உப்பு வாருவது நடந்துகொண்டிருக்கும், அப்போது கேமராவோடு அங்கே இருங்கள். மார்கழியில் எடுத்ததையெல்லாம் உட்கார்ந்து பார்த்து வெட்டுங்கள். நடுவில், ஐப்பசி கார்த்திகை மழையில் பாத்திகள் மூழ்கி வேலை நின்றுவிடும். அந்த மாதங்களை விட்டுவிடக் கூடாது. கூலி இல்லாத நாளில் அந்த அக்காமார் யாரிடம் கடன் வாங்குகிறார்கள், அரசு தரும் மழைக்கால நிவாரணம் எதற்கெல்லாம் போகிறது என்பதில்தான் உங்கள் படத்தின் பாதி இருக்கிறது. வெள்ளை உப்பு மேட்டை யார் வேண்டுமானாலும் அழகாக எடுத்துவிடலாம்.

புதுக் கேமரா வாங்கும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். அந்தப் பணத்தில் நல்ல காலர் மைக்கும் அதற்குக் காற்றுத் தடுக்கும் ரோம உறையும் வாங்குங்கள். கல்யாண வீடியோவில் ஒலி சரியில்லை என்றால் மேலே ஒரு பாட்டைப் போட்டுச் சமாளித்துவிடலாம். இங்கே கடற்காற்று மைக்கில் அடித்தால் ஒருவர் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை மனம் விட்டுச் சொன்னது வீணாகிவிடும். வெயில் ஏறியபின் கேமராவைத் தானியங்கி (ஆட்டோ) முறையில் விட்டால் உப்பின் வெளிச்சத்துக்கு ஏற்ப அது படத்தை இருட்டாக்கும், முகம் கறுத்துப் போகும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தின் அளவை, முகத்துக்கு வையுங்கள், பின்னால் உப்பு வெளுத்தால் வெளுக்கட்டும். எடுத்ததை அன்றைக்கே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

சரி, தொண்டு நிறுவனத்தின் பணத்துக்கு வருவோம். இங்கேதான் மிகவும் கவனம் வேண்டும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். வாய்ப்பேச்சில் பணம் வாங்கினால் நீங்கள் எடுத்த படம் உங்களுடையது இல்லை என்ற நிலை வரலாம். அவர்களுக்குத் தனியாக ஒரு பத்து நிமிடப் படம் செய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்ளுங்கள். முழுநீளப் படத்தின் உரிமையும் எடுத்த மொத்தக் காட்சிகளும் (ஃபுட்டேஜ்) உங்களுக்கே என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அந்தப் பணம் வேண்டாம்.

பேசுகிறவர்களிடம் சம்மதம் வாங்குவதும் ஒரு தாளோடு முடிகிற காரியம் இல்லை. முதலாளியைப் பற்றி ஓர் அம்மா கோபத்தில் சொன்னதை நீங்கள் படத்தில் வைத்தால் அடுத்த நாள் அவருக்கு வேலை இருக்குமா? எடிட் செய்த பகுதியை அவரிடம் போட்டுக் காட்டி, இது ஊரே பார்க்கும், பரவாயில்லையா என்று மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், எவ்வளவு நல்ல காட்சியானாலும்.

அப்புறம், நிதி. ஐந்து நிமிட மாதிரிக் காட்சி ஒன்று வெட்டுங்கள். அதோடு இரண்டு பக்கத்தில் இது யாருடைய கதை, ஏன் இப்போது, இன்னும் என்ன எடுக்க வேண்டும் என்று எழுதி, வரவுசெலவுக் கணக்கையும் வையுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் எங்கேயும் கதவு திறக்காது. கொல்கத்தாவில் நடக்கும் டாக்எட்ஜ், தயாராகிக்கொண்டிருக்கும் படங்களை வெளிநாட்டுத் தயாரிப்பாளர்கள் முன் வைக்கும் இடம். ஆம்ஸ்டர்டாமில் நடக்கும் இட்ஃபா ஆவணப்பட விழாவின் பெர்த்தா நிதி நம் போன்ற நாடுகளின் இயக்குநர்களுக்கானது. இரண்டிலும் போட்டி அதிகம். முதல் தடவையே கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். அதற்கு முன், திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். உங்களுக்குப் பக்கம்தான். அங்கே நாலு நாள் படம் பார்த்து, எடுத்தவர்களோடு டீ குடித்துப் பேசினால் கிடைப்பது எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

படம் முடிந்ததும் ஆசையில் யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தைப் பல விழாக்கள் எடுத்துக்கொள்வதில்லை. முதலில் விழாக்கள், பிறகு கல்லூரிகள், திரைப்பட இயக்கங்கள், கடைசியில் இணையம்.