டனீடினில் இரண்டு நாட்கள்: பழைய நகரத்தையும் கடற்பறவைகளையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

டிசம்பர் மாத நியூசிலாந்துப் பயணத்தில் டனீடின் நகருக்கு இரண்டு நாட்கள் ஒதுக்கியிருப்பதாகவும், பழைய கட்டடங்களையும் அல்பட்ராஸ், பெங்குவின் போன்றவற்றையும் அதற்குள் பார்த்துவிட முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் எந்த இடத்துக்கு அடுத்து எந்த இடம் என்று வரைபடத்தை வைத்துத் திட்டமிடாமல், எந்த உயிரினம் எந்த நேரத்தில் வெளியே வரும் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, மிச்சப்படும் நேரத்தில் நகரத்தைப் பார்ப்பதே சரியான முறை என்பது என் கருத்து. கட்டடங்கள் காத்திருக்கும், பறவைகள் காத்திருக்கமாட்டா.

காலை நேரத்தை நகரத்துக்குக் கொடுங்கள். 1848இல் ஸ்காட்லாந்தின் சுதந்திரத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் குடியேறி உருவாக்கிய ஊர் இது. 1861இல் உள்நாட்டுப் பகுதியான கேப்ரியல்ஸ் கல்லியில் தங்கம் கிடைத்ததும் பணமும் மக்களும் வந்து குவிந்ததால், சில ஆண்டுகளிலேயே அந்நாட்டின் மிகப் பெரிய நகரமாகிவிட்டது. அந்தச் செல்வத்தின் தொடர்ச்சியாகத்தான் நாட்டின் முதல் பல்கலைக்கழகமான ஒட்டாகோ பல்கலைக்கழகம் 1869இல் இங்கே தொடங்கப்பட்டது. கருநிற எரிமலைக் கல்லில் எழுப்பி, ஓரங்களுக்கு ஓமரு என்ற ஊரின் வெண்சுண்ணக்கல் பதித்த அதன் மணிக்கூண்டுக் கட்டடம், லீத் ஓடையின் கரையில் நிற்கிறது. வளாகத்துக்குள் யாரும் தாராளமாக நடந்து செல்லலாம். நீங்கள் செல்லும் டிசம்பரில் தேர்வுகள் முடிந்து மாணவர்களில் பெரும்பாலோர் ஊருக்குச் சென்றிருப்பார்கள். சுமார் ஒன்றேகால் லட்சம் பேர் வாழும் ஊரில் மாணவர்கள் மட்டுமே ஏறத்தாழ இருபதாயிரம் பேர் என்பதால், அவர்கள் இல்லாத டனீடின் வேறு ஊர் போலவே இருக்கும். படம் எடுப்பவர்களுக்கு அது நல்லது, ஊரின் கலகலப்பைப் பார்க்க விரும்புபவர்களுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

ஜார்ஜ் ட்ரூப் வடிவமைத்து 1906இல் திறக்கப்பட்ட ரயில் நிலையத்தையும் அன்று காலையிலேயே பார்த்துவிடலாம். அதன் மொசைக் தரையைக் குனிந்து பார்க்கத் தவறாதீர்கள். நாள்தோறும் ஓடும் நெடுந்தூரப் பயணிகள் ரயில் இப்போது அங்கே இல்லை, சுற்றுலா ரயில்கள் மட்டும்தான். உலகிலேயே செங்குத்தான தெரு என்று பெயர் பெற்ற பால்ட்வின் தெருவை, நேரம் மிஞ்சினால் பார்த்தால் போதும்.

மதியத்துக்குப் பிறகு ஒட்டாகோ தீபகற்பத்துக்குக் கிளம்புங்கள். துறைமுக நீரை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும் சாலையில், போர்ட்டபெல்லோ என்ற சிற்றூரைக் கடந்து, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் டையரோவா முனையை அடையலாம். அரச அல்பட்ராஸ்கள் மக்கள் வாழும் பெருநிலப் பகுதியில் கூடு கட்டும் ஒரே இடம் இதுதான். மற்ற கூடுகள் எல்லாம் ஆளற்ற தொலைதூரத் தீவுகளில் இருக்கின்றன. இங்கும் அவை எளிதாக நிலைத்துவிடவில்லை. முட்டைகளை மனிதர்கள் எடுத்துச் செல்வதும் நாய்கள் கூடுகளைக் கலைப்பதுமாக இருந்த காலத்தில், லான்ஸ் ரிச்டேல் என்ற ஆசிரியர் கூட்டைக் காவல் காத்ததன் பயனாக, 1938இல் முதல் குஞ்சு பறந்து கடலுக்குச் சென்றது. அவர் 1937இல் காலில் வளையமிட்ட ஒரு பெண் பறவை, பின்னாளில் 'பாட்டி' என்று அழைக்கப்பட்டு, 1980களின் இறுதி வரை அங்கே வந்து முட்டையிட்டது.

இவ்விடத்தில் நேரம் மிக முக்கியம். சிறகு விரித்தால் மூன்று மீட்டர் அகலமும், எட்டு ஒன்பது கிலோ எடையும் உள்ள இப்பறவை சிறகடித்துப் பறப்பதில்லை. காற்றின் மேல் சாய்ந்து மிதக்கிறது. வானம் தெளிந்து காற்று அடங்கிய நாளில் அது புல்வெளியில் ஒரு வெள்ளைப் பொட்டாக உட்கார்ந்தே இருக்கும். நம்மைப் போன்ற பயணிகள் நல்ல வானிலை என்று மகிழும் நாள் அல்பட்ராஸ் பார்க்க ஏற்ற நாள் அல்ல. பெரும்பாலும் பிற்பகலில்தான் காற்று வலுக்கிறது என்பதால் அந்நேரத்து வழிகாட்டிச் சுற்றுக்கு முன்பதிவு செய்யுங்கள். கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து கூடுகளைப் பார்க்கத்தான் கட்டணம். வாகன நிறுத்தத்தை அடுத்த பாறை விளிம்பில் நின்று, தலைக்கு மேல் பறவைகள் கடந்து செல்வதை இலவசமாகவே பார்க்கலாம், நான் அதிகம் ரசித்ததும் அதைத்தான். டிசம்பரில் முட்டைகளின் மேல் அடைகாப்பு நடக்கும். குஞ்சுகளைப் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரிக்குப் பிறகு வர வேண்டும். வெயில் ஏறிக் காற்று நிற்கும் நாட்களில் பாதுகாவலர்கள் கூடுகளின் மேல் நீர் தெளித்துக் குளிர்விக்கிறார்கள் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

இரவு உணவை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். முனையின் அடிவாரத்தில் உள்ள பைலட்ஸ் கடற்கரையில் சிறு நீலப் பெங்குவின்கள் இருட்டத் தொடங்கியதும் கூட்டங்கூட்டமாகக் கரையேறும். டிசம்பரில் சூரியன் மறையவே இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். ஒரு கிலோ எடைகூடத் தேறுமா என்று தோன்றும் இந்தப் பெங்குவின்கள், பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டுத் தங்கள் வளைகளுக்குத் திரும்புகின்றன. மங்கலான விளக்கொளியில், மேடையில் நின்று பார்க்க வேண்டும். கேமரா பிளாஷுக்கு அனுமதி இல்லை.

மஞ்சள் கண் பெங்குவினைத் தேடித் திறந்த கடற்கரைகளில் நீங்களாக அலைய வேண்டாம் என்று சற்று அழுத்தமாகவே சொல்வேன். மீன்வலைகளாலும் நோய்களாலும் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்ட இப்பறவை, கரையில் மனிதரைக் கண்டால் இரையோடு மீண்டும் கடலுக்குள் சென்றுவிடும். அது திரும்பி வரும்வரை குஞ்சு பட்டினி கிடக்கும். மறைவிடங்கள் அமைத்த தனியார் காப்பகம் ஒன்று ஹாரிங்டன் முனையில் உள்ளது, அதன் வழியாக மட்டும் பாருங்கள். கடற்சிங்கம் மணலில் படுத்திருந்தால் குறைந்தது 20 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அதற்கும் கடலுக்கும் நடுவில் போகாதீர்கள். வேட்டையால் இக்கரையிலிருந்து அழிக்கப்பட்ட அவை 1993இல்தான் இப்பகுதியில் மீண்டும் குட்டி ஈன்றன. 2021இல் ஒரு தாயும் குட்டியும் நடமாடியதற்காக நகராட்சி ஒரு கடற்கரைச் சாலையையே ஒரு மாதம் மூடி வைத்தது.

இரண்டாம் நாளை முனையில் காற்றில்லாமல் போனால் ஈடுகட்டுவதற்காக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே எல்லாம் அமைந்துவிட்டால் ஒட்டாகோ அருங்காட்சியகத்துக்கும், 1870களில் கட்டத் தொடங்கிய லார்னக் மாளிகைக்கும் அந்த நாள் போதும். கோடைக்காலம்தானே என்று மெல்லிய ஆடைகளுடன் போய்விடாதீர்கள், முனையில் வீசும் காற்று எலும்பு வரை குளிரும். இரவு வெகுநேரம் கழித்துத் திரும்ப வேண்டியிருப்பதால் நகரப் பேருந்தை நம்பாமல், வாடகைக் காரோ சுற்றுலா வாகனமோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.