பட்டியலைக் கேட்பது யார்?

கேள்வி: தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த நம் உச்ச நீதிமன்றம், கட்சிகளுக்குப் பணம் கொடுத்தவர் யாரென்று வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 2021-இல் நன்கொடையாளர் பட்டியலைக் கேட்கக் கூடாது என்று தீர்ப்பளித்ததாகப் படித்தேன். ஏன் இந்த முரண்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அமெரிக்கத் தீர்ப்பு தேர்தல் நிதியைப் பற்றியதே அல்ல. கலிஃபோர்னியாவில் நிதி திரட்டும் அறக்கட்டளைகள், பெருந்தொகை கொடுத்தவர்களின் பெயர்களை மாநில அட்டர்னி ஜெனரலிடம் ஒப்படைக்க வேண்டும் என்றிருந்த விதியை, கோடீஸ்வரர்களான கோக் சகோதரர்களோடு தொடர்புடைய ஓர் அறக்கட்டளை எதிர்த்தது. மோசடியைத் தடுக்கவே பட்டியல் என்று மாநிலம் வாதிட்டது. ஆனால் விசாரணைகளில் அதை அரிதாகவே பயன்படுத்தியிருந்தது, ரகசியமாகக் காக்க வேண்டிய ஏறத்தாழ 2,000 படிவங்களைத் தன் இணையதளத்திலேயே தவறுதலாக வெளியிட்டும் இருந்தது. 6-3 என்ற பெரும்பான்மையில் விதி வீழ்ந்தது.

இதன் வேர் 1958-இல் இருக்கிறது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பிடம் அலபாமா மாநிலம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும், அடியும் மிரட்டலும் வரும் என்பது அங்கே எல்லோரும் அறிந்த நடப்பு. பட்டியலைத் தர மறுத்ததற்கு 1,00,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அமைப்பாகக் கூடும் உரிமையை இத்தகைய கட்டாயம் முடக்கிவிடும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை நீக்கியது. ஒடுக்கப்பட்டவருக்காக வார்த்த கேடயம் பின்னாளில் பணக்காரர் கைக்கும் போனது எனக்கு உவப்பில்லை. ஆனாலும் 2021 வழக்கில் அந்த அறக்கட்டளையின் பக்கம் நின்றவர்களில் ஏ.சி.எல்.யூ. போன்ற சிவில் உரிமை அமைப்புகளும் இருந்ததை மறைப்பது நேர்மையாகாது.

தேர்தல் செலவில் அமெரிக்க நீதிமன்றத்தின் போக்கு வேறு. 1976-இல் நன்கொடை விவரங்களை வெளியிடும் சட்டத்தை ஏற்றது. நிறுவனங்களின் தேர்தல் செலவுக்கு வழிதிறந்த 2010 தீர்ப்பிலும், வெளிப்படுத்தும் விதிகளை 8-1 என்று நிலைநிறுத்தியது. இருந்தும், 'சமூக நலன்' என்ற பெயரில் பதிவான அமைப்புகள் அரசியல் விளம்பரம் செய்தாலும், அவற்றின் நன்கொடையாளர் பெயர்கள் பெரும்பாலும் பொதுவெளிக்கு வருவதில்லை. அந்த ஓட்டையை அடைக்க வேண்டியது அந்நாட்டு நாடாளுமன்றம்.

நம் 2024 தீர்ப்பும் அந்தரங்கத்தைப் புறக்கணிக்கவில்லை. ஒருவரின் அரசியல் சார்பு அந்தரங்க உரிமைக்குள் அடங்கும் என்று ஏற்ற ஐந்து நீதிபதிகளின் அமர்வு, அரசின் கொள்கையை வளைப்பதற்காகக் கொடுக்கப்படும் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு நீளாது என்றது.