திருட்டுப்போன கோயில் விளக்கு இரும்புக் கடையில்: பணம் கொடுத்து மீட்பதா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயிலின் பூட்டை உடைத்து இரண்டு பித்தளைக் குத்துவிளக்கையும் ஒரு வெண்கல மணியையும் திருடிவிட்டார்கள். சில நாளிலேயே பழைய இரும்புக் கடை ஒன்றில் அவற்றைப் பார்த்தோம். விளக்கின் அடியில் உபயம் செய்த குடும்பத்தின் பெயர் தமிழில் வெட்டியிருக்கிறது. கடைக்காரரோ, "நான் 4,500 ரேண்ட் கொடுத்து வாங்கினேன், அதைக் கொடுத்துவிட்டு எடுத்துப்போங்கள்" என்கிறார். கொடுத்துவிடலாம் என்கிறார்கள் பெரியவர்கள். பக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டியில் போய்த் தூக்கி வந்துவிடலாம் என்கிறார்கள் பையன்கள். என்ன செய்வது, ஐயா? (கோயில் கமிட்டிச் செயலாளர்)

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் பையன்களை நிறுத்துங்கள். பொருள் உங்களுடையதே ஆனாலும், கடைக்காரரின் கையிலிருந்து அதைப் பலவந்தமாக எடுத்தால், அவர் நீதிமன்றத்துக்குப் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும். அந்த வழக்கில் உரிமை யாருக்கு என்று நீதிபதி பார்ப்பதே இல்லை. சட்ட வழியில்லாமல் பறித்தீர்களா என்று மட்டும்தான் பார்ப்பார். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கும்போது இப்படி ஒரு வாய்ப்பை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

சரி, பணம்? கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தென்னாப்பிரிக்காவின் ரோமன்-டச்சுச் சட்டப்படி திருடனுக்குப் பொருளில் உரிமை கிடையாது. இல்லாத உரிமையை அவன் கடைக்காரருக்கு விற்கவும் முடியாது. அவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் விளக்கு கோயிலுடையதுதான். போன பணத்தை அவர் தனக்கு விற்றவனிடம் கேட்கட்டும்.

விற்றவன் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் 2009ஆம் ஆண்டின் 6ஆம் எண் பழைய பொருள் வணிகச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. பழைய உலோகம் வாங்கும் கடை போலீஸில் பதிவு செய்திருக்க வேண்டும். விற்க வந்தவரின் பெயர், அடையாள எண், முகவரி, பொருளின் விவரம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். வாங்கிய பொருளை ஏழு நாளுக்கு அப்படியே, உருமாற்றாமல் வைத்திருக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று சந்தேகம் வந்தால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். மீறினால் அபராதம், அல்லது பத்து ஆண்டு வரை சிறை. அடியில் உபயப் பெயர் வெட்டிய குத்துவிளக்கு கிலோக் கணக்கில் விலைக்கு வரும்போது சந்தேகப்படாத வியாபாரியை நான் நம்பத் தயாரில்லை. 1955ஆம் ஆண்டின் 62ஆம் எண் பொதுச் சட்டத் திருத்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவும் இதைத்தான் கேட்கிறது: விற்றவன் உரிமையாளன் என்று நம்ப நியாயமான காரணம் இருந்ததா? குற்றம் சாட்டப்பட்டவரே தன் நிரபராதத்தை நிரூபிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் இருந்த பகுதியை 2000ஆம் ஆண்டு மனமேலா வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் அப்படிக் காரணமில்லாமல் திருட்டுப் பொருளை வாங்குவது குற்றமாகவே நிற்கிறது.

அந்த ஏழு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் இன்றைக்கே போலீஸ் நிலையம் போங்கள். ஏற்கனவே புகார் கொடுத்திருந்தால் அந்த வழக்கு எண்ணையே சொல்லி, பொருள் இருக்கும் இடத்தைப் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுங்கள். அதை அங்கேயே எழுதலாம், காசு கிடையாது. காவடி, திருவிழாப் படங்களில் விளக்கு தெரிகிறதா என்று தேடி எடுத்துப் போங்கள். உபயம் செய்த குடும்பத்தில் மூத்தவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள். அந்தப் பெயரைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

அதே நாளில் கடைக்காரருக்கும் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். இந்தப் பொருள்கள் கோயிலுடையவை, விற்கவோ உருக்கவோ கூடாது என்று இரண்டு வரி போதும். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். உரிமையாளர் யார் என்று தெரிந்த பிறகும் அவர் அதைக் கைமாற்றினால், முழு மதிப்பையும் அவரிடமே கேட்டு வழக்குப் போடலாம். தெரியாது என்ற சாக்கை அந்தக் கடிதம் எடுத்துவிடுகிறது.

போலீஸ் பறிமுதல் செய்தால், வழக்கு முடியும்வரை விளக்கு அவர்களுடைய கிடங்கில் கிடக்குமே என்று கவலைப்படுவீர்கள். 1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 30ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. கடைக்காரர் சம்மதித்தால், போலீஸ் அதிகாரி பொருளை உங்களிடமே கொடுத்துவிடலாம். நீதிமன்றம் கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற எச்சரிக்கையோடு. கடைக்காரரிடம் பேச வேண்டியது இந்தச் சம்மதத்தைப் பற்றித்தான், 4,500 ரேண்டைப் பற்றி அல்ல. புகார் கொடுக்க மாட்டோம் என்று எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான். சிறு வழக்கு நீதிமன்றம் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். அங்கே வழக்குத் தொடுக்கத் தனிமனிதருக்குத்தான் முடியும், கோயில் போன்ற அமைப்புக்கு முடியாது. எனவே கமிட்டி கூடி, கோயில் பெயரில் நடவடிக்கை எடுக்க யாருக்கு அதிகாரம் என்று தீர்மானம் போட்டுப் பதிவு செய்யுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால், வழக்குப் போட உங்களுக்கு அதிகாரம் உண்டா என்று எதிர்த்தரப்பு கேள்வி எழுப்பலாம்.