எச்சில் பரிசோதனையில் ஈறு நோய் தெரியுமா?

பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. வாய் கொப்பளித்துத் துப்பிய நீரிலேயே ஈறு நோயைக் கண்டுபிடிக்கலாமாமே. கம்பி வைத்து அளப்பது இனி தேவையில்லையா? (பெரம்பூர்)

தேவைதான். அந்தப் பரிசோதனை எம்.எம்.பி-8 என்ற நொதியைத் தேடுகிறது. கிருமிகளை எதிர்க்க ஈறுக்கு வரும் வெள்ளையணுக்கள் விடும் நொதி இது. பல்லை எலும்போடு பிணைக்கும் கொலாஜன் நாரை அரிக்கும். செயல்படும் நிலையில் உள்ள இந்த நொதி ஒரு மில்லிக்கு 20 நானோகிராமைத் தாண்டினால் சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு விழும். வாயில் எங்கோ அரிப்பு நடக்கிறது என்பது மட்டுமே அதில் தெரியும். எந்தப் பல், ஈறு இடுக்கின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்பதற்குப் புரோப் என்ற அந்த அளவுக் கம்பிதான்: பல்லுக்கு ஆறு இடத்தில் அளப்பார்கள். அதன் முனை மழுங்கலானது, அழுத்தமும் 25 கிராம் அளவுதான், பயப்படாதீர்கள். கரைந்த எலும்பை எக்ஸ்ரே காட்டும்.

காலையில் காபி குடித்துவிட்டுப் போகலாமா? (மயிலாப்பூர்)

வேண்டாம். சாப்பிட்டு, பல் துலக்கி ஒரு மணி நேரமாவது ஆகட்டும். முதலில் வெறும் தண்ணீரில் 30 விநாடி கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஒரு நிமிடம் கழித்து, கொடுக்கும் 5 மில்லி நீரில் மறுபடி 30 விநாடி கொப்பளிக்க வேண்டும். சோதிப்பது இந்த இரண்டாவது நீரைத்தான்.

ஒரே பல்லைச் சோதிக்க, ஈறு இடுக்கில் சிறு தாள்பட்டையைச் செருகிக் கசியும் நீரை எடுப்பதும் உண்டு. பஞ்சு வைத்து எச்சிலைத் தடுத்து, புரோப் வைப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். வரிசை மாறினால் ரத்தம் கலக்கும். ரத்தம் பட்ட தாள் எதற்கும் உதவாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

சிகரெட் பழக்கம் உண்டு. ரத்தமும் வரவில்லை, ஒரே கோடுதான் விழுந்தது. தப்பித்தேனா? (வியாசர்பாடி)

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். புகை ஈறின் ரத்தக்கசிவை மறைத்துவிடும். பல் ஆடும்வரை பலருக்குத் தெரிவதே இல்லை. நோய் அடங்கியிருக்கும் காலத்திலும் ஒரே கோடு வரலாம், ஆனால் கரைந்த எலும்பு கரைந்ததுதான். கட்டாயம் புரோப் வைத்துப் பாருங்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

ஐந்து மாத கர்ப்பம், ஈறு பரிசோதனையில் இரண்டு கோடு வந்தது. (தாம்பரம்)

கர்ப்பகால ஈறு வீக்கத்தாலும் வரலாம். முளைக்கும் கடைவாய்ப் பல்லைச் சுற்றிய வீக்கத்தாலும் வரலாம். இந்த மாதத்தில் பல் சுத்தம் செய்துகொள்வதில் தடையில்லை, தள்ளிப் போடாதீர்கள்.