சிவப்பு ஒளியைக் கூட்டினாலும் எலக்ட்ரான் ஏன் வரவில்லை?

நாகர்கோவிலில் இயற்பியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியே தெறிப்பதுதான் ஒளிமின் விளைவு. அதைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் கீழே.

தக்கலை, பிளஸ் டூ மாணவி: சார், விளக்கைப் பிரகாசமாக்கினால் எலக்ட்ரானின் வேகமும் கூட வேண்டாமா?

வேண்டாம் மக்களே. ஒளி ஃபோட்டான் என்ற சிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. ஒரு ஃபோட்டான் ஒரு எலக்ட்ரானிடம் தன் ஆற்றல் முழுவதையும் கொடுக்கும். கணக்கு அந்த இருவருக்குள் முடிந்துவிடும். சோடியத்தின் வெளியேற்று ஆற்றல், அதாவது எலக்ட்ரான் வெளியே வரக் குறைந்தபட்சம் வேண்டிய ஆற்றல், ஏறத்தாழ 2.3 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலுக்கு உரிய சின்ன அலகு இது). 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஃபோட்டானிடம் இருப்பதோ 1.9தான். முப்பதடிக் கிணற்றில் இருபதடிக் கயிறு கட்டிய வாளிகளை எத்தனை இறக்கினாலும் தண்ணீர் தொடாது இல்லையா, அப்படி.

400 நானோமீட்டர் ஊதாவை எடுங்கள். ஃபோட்டானுக்கு 3.1. வெளியே வர 2.3 செலவு, மிச்சம் 0.8. எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல் அதுதான். விளக்கை இரட்டிப்பாக்கினால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை இரட்டிக்கும், 0.8 அசையாது. (1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். பரீட்சையில் நேரம் மிச்சம்.)

அதே மாணவி: 'பெரும' என்று ஏன் சொல்கிறோம்?

உள்ளே ஆழத்திலிருந்து வருகிற எலக்ட்ரான் வழியில் மோதி ஆற்றலை இழக்கும். அதனால் 0.8க்குக் கீழே எல்லா அளவிலும் வரும். எதிர்த்திசையில் 0.8 வோல்ட் கொடுத்தால் அத்தனையும் நின்றுவிடும். நிறுத்து மின்னழுத்தம் அதுதான்.

குளச்சல்: எங்கள் கூரைத் தகரத்தில் துத்தநாகப் பூச்சு. வெயிலில் எலக்ட்ரான் வருமா?

அநேகமாக வராது. துத்தநாகத்துக்குச் சுமார் 4.3 வேண்டும், அதாவது 290 நானோமீட்டருக்கும் குறைந்த புற ஊதாக் கதிர். அதை ஓசோன் மேலேயே விழுங்கிவிடுகிறது. போதாததற்கு, நம் உப்புக்காற்றில் தகரத்தின் மேல் ஆக்சைடு படிந்திருக்கும். 1910களில் அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் இந்த விளைவைச் சோடியத்தை வைத்து அளந்தபோது, வெற்றிடக் குழாய்க்குள்ளேயே ஒரு கத்தியைப் பொருத்தி, மேற்பரப்பைச் சீவிச் சீவித்தான் அளந்தார். இத்தனைக்கும், ஒளி ஃபோட்டான்களாக வருகிறது என்ற ஐன்ஸ்டைனின் 1905 விளக்கத்தில் அவருக்கு அப்போது நம்பிக்கையே இல்லை. அளவுகள் மட்டும் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டோடு, அதாவது மேலே போட்ட கழித்தல் கணக்கோடு, அச்சாகப் பொருந்தின!

ஆரல்வாய்மொழி: மாடியில் சோலார் பேனல் போட்டிருக்கிறேன். அதுவும் இதுதானே?

நெருங்கிய உறவு, ஆனால் இது அல்ல. பேனலில் எலக்ட்ரான் சிலிக்கானை விட்டு வெளியே தெறிப்பதில்லை, உள்ளேயே விடுபட்டு ஓடுகிறது. அதற்கு 1.1 போதும். சிவப்பு ஒளியிலும் பேனல் வேலை செய்வது அதனால்தான்.

மணவாளக்குறிச்சி: அண்ணாச்சி, நம் கறுத்த மணலின் கதிர்வீச்சும் எலக்ட்ரானைத் தள்ளுமா?

தள்ளும். மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. அதன் சிதைவு வரிசையில் வரும் தாலியம்-208 விடுகிற காமாக் கதிரில் ஃபோட்டானுக்கு 26 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்; 2.3, 4.3 எல்லாம் அதன் முன்னால் சில்லறைக் காசு. ஆனால் இவ்வளவு பெரிய ஃபோட்டான் மணலில் பெரும்பாலும் ஆற்றலில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு திசை மாறிப் போய்விடும். அது காம்ப்டன் சிதறல். ஒளிமின் விளைவு என்றால் ஃபோட்டான் முழுசாக மறைய வேண்டும். குறைந்த ஆற்றல் கதிர்களிலும், ஈயம் போன்ற கனத்த தனிமங்களிலும்தான் அது அதிகம் நடக்கும்.