மின்சாரக் காரா, பெட்ரோல் காரா? பட்டறைக்காரரிடம் கேளுங்கள்

கோவையில் பட்டறை வைத்திருக்கிறேன். பெட்ரோல் கார், மின்சாரக் கார் இரண்டும் வேலைக்கு வருகின்றன. இந்த இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். எந்த கலர் நல்லது, எந்த ஷோரூமில் தள்ளுபடி அதிகம் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயமில்லை.

சேலம்: சார், நெக்ஸான் பெட்ரோல், நெக்ஸான் ஈவி ரெண்டையும் ஓட்டிப் பாத்தேன். ஈவி சீறிட்டுப் போகுது. நிஜமாவே வேகமா, இல்ல அப்படித் தோணுதா?

நிஜம்தான். டாடாவின் பெட்ரோல் நெக்ஸானில் 1.2 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை. அந்த டார்க் முழுதாக வர இன்ஜின் கொஞ்சம் சுற்றியாக வேண்டும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும் விழிக்க வேண்டும். 45 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரி உள்ள ஈவியில், அதாவது மின்சார நெக்ஸானில், 215 நியூட்டன் மீட்டர், மிதித்த மாத்திரத்தில் வந்துவிடுகிறது. கிளட்ச் இல்லை, கியரும் மாறுவதில்லை. சிக்னலில் கிளம்பவும், 40லிருந்து 80க்குப் போய் லாரியைத் தாண்டவும் பெட்ரோல் பக்கத்தில் நிற்காது.

120க்கு மேல் கதை வேறு. ஒற்றை கியர் என்பதால் மோட்டாரின் இழுப்பு அங்கே மெலிந்துவிடும். நம் ஊர் ரோட்டில் அந்த வேகம் எதற்கு என்பது தனிக் கேள்வி.

இன்னொன்று. 45 யூனிட் பேட்டரிக்குள் இருக்கும் ஆற்றல், ஏறத்தாழ 5 லிட்டர் பெட்ரோலில் இருப்பதுதான். அதை வைத்து 300 கிலோமீட்டர் போகிறது. பெட்ரோல் இன்ஜின் தனக்குக் கிடைப்பதில் முக்கால் பங்கை வெப்பமாக வெளியே விடுகிறது. மோட்டார் பத்தில் ஒன்றைத்தான் விடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான், மீதியெல்லாம் விளம்பரம்.

மதுரை: நெக்ஸான் ஈவி 489 கி.மீ. போகும்னு கம்பெனி போட்டுட்டு 300தான் போகுதுன்னா ஏமாத்து வேலைதானே?

சோதனைக்கூடத்தில் மெதுவான வேகத்தில் எடுத்த கணக்கு அது. பெட்ரோல் காருக்கும் மைலேஜ் அப்படித்தான் போடுகிறார்கள், அதற்கு யாரும் சண்டை போடுவதில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80ல் இருப்பதைப்போல 110ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நாற்கரச் சாலையில் 85, 90ல் போங்கள், தூரம் தானாகக் கூடும்.

சென்னை, அடுக்குமாடி: அசோசியேஷன் சார்ஜர் போட விடமாட்டேங்கிறாங்க. வாங்கிட்டு வெளியில சார்ஜ் பண்ணிக்கலாமா?

வாங்காதீர்கள். மின்சாரக் கார் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? சொந்த பிளக் பாயின்ட் பக்கத்தில் நின்றால் தாராளமாக வாங்குங்கள். தெருவில் நின்றால் பெட்ரோலே போதும்.

கணக்கு சொல்கிறேன். மாதம் 1000 கிலோமீட்டர் ஓடினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாத ஈபி பில்லில் 330 யூனிட் அளவுக்குக் கூடும். 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 800ஐத் தாண்டினால் 10க்கு மேல். அப்படியும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான் ஆகும். வெளியே டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாயை ஒட்டி வரும், அதற்கு மேல் ஜிஎஸ்டி. கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் பக்கம் வந்துவிடும். பெட்ரோலில் 7 ரூபாய். வெளியில் சார்ஜ் செய்தாலும் லாபம் இருக்கிறது, ஆனால் வாரத்தில் இரண்டு முறை சார்ஜர் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். முதல் மாதம் உட்காருவீர்கள்.

வீட்டில் போடுகிறவர்களுக்கு: முதலில் எர்த்திங்கைப் பாருங்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பி சுவரோடு நின்றுபோயிருக்கும். 15 ஆம்பியர் பிளக்கில் ராத்திரி முழுக்க ஓடுகிற சுமை இது, ஏசி மாதிரி விட்டு விட்டு ஓடாது. தனி லைன் இழுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து சார்ஜ் போடுகிறவர்கள் என்னிடம் கேள்வி கேட்க வேண்டாம்.

நாகர்கோவில்: பேட்டரி எத்தனை வருஷம் வரும்?

பெரும்பாலான கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. உத்தரவாதம் தருகின்றன. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் அதற்கு மேலும் தாங்கும். முழு சார்ஜோடு நாள்கணக்கில் உச்சி வெயிலில் நிறுத்தாதீர்கள்.

திண்டுக்கல்: அண்ணே, சமவெளியில என்ன வேணா சொல்லிக்கங்க. மலைன்னு வந்தா பெட்ரோல்தான். ஈவி பாதி வழியில படுத்துரும்.

தம்பி, கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறத்தாழ 1900 மீட்டர் ஏற்றம். ஆட்களோடு 1700 கிலோ வண்டியை அவ்வளவு உயரம் தூக்க 9 யூனிட், வீணாவதைச் சேர்த்து 10. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒரு 7. ஆக 17 யூனிட். 45ல் 17 போனால் படுத்துவிடுமா?

இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து மின்சாரம் எடுக்கும், மூன்று நான்கு யூனிட் பேட்டரியில் திரும்ப ஏறும். பெட்ரோல் வண்டி இரண்டாம் கியரில் இறங்கினால் எண்ணெய் செலவாகாது, உண்மைதான். ஆனால் டேங்கில் ஒரு சொட்டும் கூடாது.

திண்டுக்கல்: யூனிட் கணக்கு சரிங்கண்ணே. இழுவை?

இழுவையில் உங்கள் கட்சி இன்னும் பலவீனம். ஊட்டி உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு லேசு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தி இழக்கும். டர்போ இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடும். மோட்டாருக்குக் காற்றே வேண்டாம்.

குன்னூர்: நான் இங்கயே இருக்கிறவன். ரெண்டு பேரும் வந்து பாருங்க. மே மாச சனி, ஞாயிறுல சார்ஜருக்கு எத்தனை வண்டி நிக்குதுன்னு. 17 யூனிட்ல ஏறி வந்தவன் ஊர் சுத்திட்டு, கோவைக்குத் திரும்பணும்ல?

இது நியாயமான பேச்சு. சீசனில் மலைக்கு வருகிறவர் அடிவாரத்திலேயே 90 விழுக்காடு ஏற்றிக்கொண்டு வர வேண்டும், மேலே சார்ஜரை நம்பக் கூடாது. தங்கும் இடத்தில் பிளக் தருவார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். அங்கேயும் எர்த் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஊட்டியில் 100 வரை ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் இறக்கத்து ஆற்றலைப் போட இடமிருக்காது. மோட்டார் பிடித்து நிறுத்தாது, முழுச் சுமையும் பிரேக்கில் விழும், அது சூடாகும்.

திண்டுக்கல்: அப்ப பெட்ரோல்ல போனா இந்த யோசனையே வேண்டாம்ல? அதத்தானே நானும் சொன்னேன்.

நீங்கள் சொன்னது "படுத்துரும்" என்று. அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

ஈரோடு: பேட்டரி லைஃப் எவ்வளவு சார்?

நாகர்கோவிலுக்குச் சொன்னதே.

திருப்பூர்: எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எது நல்லது?

கார் மட்டும்.

திருச்சி: எல்லாரும் ஈவிக்கு மாறிட்டாங்கன்னு ஒரு பேச்சு, ஈவி விக்கவே இல்லன்னு ஒரு பேச்சு. எது உண்மை?

இரண்டுமில்லை. 2024-25 நிதியாண்டில் நாட்டில் விற்ற மின்சாரக் கார்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டின. மொத்தக் கார் விற்பனையில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அதே ஆண்டு ஏறத்தாழ ஐந்தில் ஒரு கார் சிஎன்ஜி, அதாவது இயற்கை எரிவாயுவில் ஓடுவது. செலவைப் பார்த்து பெட்ரோலை விட்டுப் போகிறவர் முதலில் போய்ச் சேருகிற இடம் அதுதான், ஈவி இல்லை. நார்வேயில் 2024ல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரம். ஆனால் அங்கே பெட்ரோல் காருக்குப் பல வருடம் கடும் வரி போட்டார்கள்.

இங்கே வரி எதிர்ப்பக்கமாக நகர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. அதற்கு முன் 28, அதற்கு மேல் செஸ். ஈவிக்கு அதே 5தான். ஆக விலை இடைவெளி ஈவிக்குப் பாதகமாகக் கூடிவிட்டது. ஈவிக்கு 3 லட்சம் கூடுதலாகக் கொடுத்தால், கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய் மிச்சம் என்ற கணக்கில் 55,000 கி.மீ. ஓடிய பிறகே லாபம் தொடங்கும். மாதம் 400 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அது பதினோரு வருடம். அவர் பெட்ரோல் வாங்கலாம், தப்பே இல்லை.

தயாரிப்பாளர்கள் நம்பிக்கையோடுதான் இருக்கிறார்கள். ஹூண்டாயின் கிரெட்டா எலக்ட்ரிக் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகிறது, வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆலை திறந்தது. விலையை உடைத்துக் காட்டும் வித்தையும் வந்துவிட்டது. எம்ஜி விண்ட்சர் 2024ல் வந்தபோது 9.99 லட்சத்துக்குக் காரைக் கொடுத்து, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.5 ரூபாய் வாடகை என்றார்கள். வாடகையோடு சார்ஜ் செலவைச் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய். பெட்ரோலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள். கையெழுத்துப் போடுமுன் குறைந்தபட்சக் கிலோமீட்டர் நிபந்தனை இருக்கிறதா என்று படியுங்கள்.

கடலூர்: வெள்ளத்துல ஷாக் அடிக்குமா?

பேட்டரிப் பெட்டி பொதுவாக ஐபி67 தரம், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். அதற்காக ஓட்டிப் பார்க்காதீர்கள். பெட்ரோல் வண்டி தண்ணீரை உறிஞ்சினால் இன்ஜினே போய்விடும். தண்ணீரில் நின்ற ஈவியை மட்டும் சார்ஜில் போடாமல் தூக்கு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

வேலூர்: பேட்டரி எத்தன வருஷம்

எட்டு. எட்டு. மேலே படியுங்கள், ஐயா.

தஞ்சாவூர்: மூணு வருஷம் ஓடின ஈவி பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா அண்ணா?

இதைத்தான் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். மறுவிற்பனையில் ஈவி விலை பெட்ரோலைவிட வேகமாக இறங்குகிறது. முதல் ஆளுக்கு அது நஷ்டம், உங்களுக்கு லாபம். பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கும் எந்த அளவுக்கு மாறும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழு சார்ஜ் போட்டு 50 கிலோமீட்டர் ஓட்டி, எத்தனை விழுக்காடு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டயரையும் பாருங்கள். எடையும் டார்க்கும் சேர்ந்து ஈவியில் சீக்கிரம் தேயும். நான்கும் புதிதாகப் போட வேண்டியிருந்தால் அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.