ஜெர்மானியக் குழந்தைகளின் அட்வென்ட் வளையம் எப்படி வந்தது? வீட்டில் கட்டுவது எப்படி?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலம்தான் அட்வென்ட். இன்று நான்கு மெழுகுவர்த்தியோடு பார்க்கிறோமே, நம் கத்தோலிக்கத் தேவாலயங்களில் திருவருகைக்கால வளையம் என்பார்களே, அது முதலில் 24 மெழுகுவர்த்திகளோடு இருந்தது. யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர் ஏழைச் சிறுவர்களுக்காக ஹாம்பர்க் அருகே 1833இல் ரௌஹஸ் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் நச்சரிக்கவே, 1839இல் மரச் சக்கரம் ஒன்றில் 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் வைத்தார் என்கிறார்கள். பெரியவை ஞாயிறுகளுக்கு, சிறியவை மற்ற நாட்களுக்கு. தினமும் ஒன்று கூடுதலாக எரியும்.

அந்த 20 எல்லா ஆண்டுக்கும் பொருந்தாது. முதல் அட்வென்ட் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையே எந்த நாளிலும் வரலாம். அதனால் சிறியவை 18 முதல் 24 வரை மாறும். 1839இல் அது டிசம்பர் 1இல் விழுந்தது, கணக்கு சரியாக 20.

பச்சைக் கிளைகள் பிற்பாடு சேர்ந்தவை. வீட்டு மேசைக்கு வந்தபோது ஞாயிறு மெழுகுவர்த்திகள் நான்கும் மட்டும் தங்கின. கத்தோலிக்கர்களிடம் தாமதமாகத்தான் போனது. கொலோன் நகரத் தேவாலயம் ஒன்றில் 1925இல் தொங்கவிட்டார்கள்.

கட்டுவதற்கு 30 செ.மீ. அகல வைக்கோல் வளையம், மெல்லிய கட்டுக்கம்பி, 10–12 செ.மீ. நீளத்தில் வெட்டிய ஊசியிலைக் கிளைகள் வேண்டும். கிளை எந்த மரத்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் மலிவு, ஆனால் ஹீட்டர் ஓடும் அறையில் சீக்கிரமே ஊசி உதிர்க்கும். ஃபிர் என்ற ஊசியிலை மரத்தில் நோர்ட்மன் அல்லது நோபிலிஸ் வகை வாங்குங்கள். கம்பியை வளையத்தில் முடிந்துவிட்டு, வெளிப்புறம், மேல், உட்புறம் என மூன்று கிளைகளை வைத்து இரண்டு சுற்று இறுக்குங்கள். அடுத்த மூன்றும் அதே திசையில், முந்தியவற்றின் காம்பை மறைத்தபடி. கடைசிக் கொத்தின் காம்பை முதல் கொத்துக்கு அடியில் செருக வேண்டும். நடுவில் கம்பியை வெட்டாதீர்கள், கட்டு தளர்ந்துவிடும். அடிப்பக்கத்தில் கிளை வைத்தால் வளையம் ஆடும்.

6 செ.மீ. பருமனான மெழுகுவர்த்தி போதும். ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று தடித்த கம்பித் துண்டுகளை நெருப்பில் காட்டி 2 செ.மீ. ஆழம் இறக்கி, மறுமுனைகளை வளையத்தில் குத்தி நிறுத்துங்கள். சூடாக்காமல் குத்தினால் மெழுகு பிளக்கும்.

முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றுவதால் முதலாவது நான்கு முறை எரியும், கடைசியது ஒரே முறை. உயரம் படிப்படியாகத்தான் நிற்கும். சமமாக்க மெழுகுவர்த்தியை மாற்றுவது வீண்வேலை. புதிதாக ஏற்றுவதை மட்டும் உருகிய மெழுகு ஓரம் தொடும்வரை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், எரிய விடுங்கள். அவசரப்பட்டு அணைத்தால் நடுவில் குழி விழுந்து, அடுத்த முறை திரி மூழ்கிவிடும்.

காய்ந்த ஃபிர் கிளை நொடியில் பற்றிக்கொள்ளும். தமிழ்நாட்டில் சவுக்குக் கிளையில் கட்டினாலும் இதே ஆபத்துதான். மெழுகுவர்த்தி 3 செ.மீ. உயரத்துக்கு இறங்கியதும் மாற்றிவிடுங்கள். தொட்டாலே ஊசி உதிர்கிறதென்றால் கிளைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, தட்டில் மணல் பரப்பி அதில் மெழுகுவர்த்திகளை நட்டு ஏற்றுங்கள்.